பன்னீர் வாசம்

ஐயோ, கால்ல எல்லாம் விழாதீங்கண்ணா. எந்திரிங்க, எந்திரிங்க. இப்பத்தான் பினாயில் போட்டுத் தொடைச்சிருக்காங்க, வேட்டி ஈரமாயிருச்சு பாருங்க. இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. பெஞ்சு காலியாத்தானே கெடக்குது.

மாலை போட்டவனைக் கண்டா கால்ல விழுகோணும்னு யாரு ஆரம்பிச்சு வெச்சாங்களோ தெரியலைங்க. விழுகறவிய விழுந்துட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. நிக்கறவன் பாடு யாருக்குத் தெரியுது? மொறையாப் பாத்தா நானும் உங்களை சாமின்னுதான் கூப்பிடோணும். ஆனா கார்த்திகை பொறந்ததுல இருந்து சாமி, சாமி, சாமின்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுங்க. உங்களை அண்ணான்னே கூப்பிடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

உங்க கொழந்தையும் வார்டுக்குள்ளதானுங்களா? என்ன, காய்ச்சலா? பொண்ணா? செரியாயிரும்ணா, பயப்படாதீங்க. இங்க நல்லாத்தான் பாக்கறாங்க. இல்லீங்க, நான் வந்து விபூதி போடறது வேண்டாம். ஊதி விடறது வேண்டவே வேண்டாம். அட, கையெடுத்துக் கும்புடாதீங்கண்ணா! நான் பிகு பண்றேன்னு நெனைக்காதீங்க. மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்குது. அதை யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்குதுங்க. உங்களை நான் இனிமே பாக்கப் போறதில்லை. நீங்களும் என்னையப் பாக்கப் போறதில்லை. அதனால கேளுங்க. கேட்டுட்டு அப்பறமும் ஊதச் சொல்லிக் கூப்பிட்டீங்கன்னா, அப்பப் பாக்கலாம்.

எனக்குத் தொழில் கட்டிங் மாஸ்டர். பனியன் கம்பெனி. துணியை அடுக்கி வெச்சு மிசின்ல வெட்டறது. திருப்பூர்ல சிகரெட் குடிக்கறவனுக்கு இதைவிடக் கேவலமான வேலை இல்லைங்க. பாக்கற பக்கமெல்லாம் துணி, காத்துல பூரா பஞ்சு. தீப்பெட்டியோட கேட்டுக்குள்ள போனா வாட்ச்மேன் பிடுங்கி வெச்சுக்குவான். அதனால மணிக்கொரு தரம் நான் வெளிய போகோணும். டீக்கடைக்குப் போயி, ஒரு டீ, ஒரு சிகரெட். நான் டீக்குப் போறேன்னுதான் மொதலாளி கணக்கு. உண்மையில அந்த டீயை நான் பாதிக்கு மேல குடிச்சதே இல்லை.

கம்பெனியில ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் வெச்சாங்க. நெஞ்சுல எவ்வளவு காத்து இருக்குதுன்னு பாக்க, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள மூணு பந்து போட்டுக் குடுத்து, குழாயில வாய் வெச்சு உறிஞ்சச் சொன்னாங்க. பவர்டேபிள்ல தெக்கிற பொம்பளைங்க எல்லாம் சடக்கு சடக்குன்னு மூணையும் தூக்கறாங்க. எனக்கு ஒண்ணு கூட எந்திரிக்கலை. ஒண்ணு லேசா ஆடுச்சு. அதுகூட யாரோ டேபிளைத் தட்டுனதுல ஆடியிருக்கும். அந்தச் சேதி நான் வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னால என்ற சம்சாரத்துக்குப் போயிருச்சு. ருக்மணின்னு பேரு. சோத்தைப் போட்டு வெச்சுட்டு, அந்தாண்ட திரும்பி உக்காந்து அழுகறா. திட்டுனாக்கூடத் தாங்கிக்கலாங்க. அழுதா மனுசன் என்ன பண்ணுவான்?

அப்பத்தான் அவ தம்பி, என்ற மச்சினன் சதாசிவம், துபாய்ல இருந்து லீவுல வந்தான். அக்கா போன்ல சொல்லி அழுதிருப்பா போல. எனக்குன்னு ஒரு சாமான் கொண்டாந்தான். பேனா மாதிரி, கொஞ்சம் தடிமன். வேப்புன்னு பேரு. "மாமா, இதுல நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, பொகையிலை இல்லை. வெறும் ஆவி. அங்கெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க இதுக்கு மாறித்தான் சிகரெட்டை விட்டாங்க"ன்னான். கூடவே ஒரு பெட்டி நெறைய ஜூஸ் பாட்டல். ஜூஸுன்னா குடிக்கறது இல்லைங்க, அந்தப் பேனாவுக்குள்ள ஊத்தறது. எல்லாம் ஒரே வாசம், ரோஜாப்பூ. ஏன்டா ரோஜான்னு கேட்டா, அக்காவுக்கு சிகரெட் நாத்தம் புடிக்காதில்ல மாமா, அதான்னான். அவன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சான். இன்னைக்கு நான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கறதுக்கு அவன்தான் காரணம். ஆனா அவனைச் சொல்லிக் குத்தமில்லை.

சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறுனவன் பாடு இருக்குதே, எதிரிக்கும் வரக்கூடாதுங்க. மொத நாள் இழுத்தேன். தொண்டையில ஒண்ணுமே புடிக்கலை. ரோஜாப்பூ மிட்டாயை வாயில போட்டுட்டு மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், ஜூஸ் நேரா நாக்குல வந்து விழுந்துச்சு. கசப்புன்னா கசப்பு, வேப்பெண்ணெய் தோத்துது. உள்ள பஞ்சு காஞ்சு போச்சுன்னா கருகல் நாத்தம் வேற. சார்ஜ் போட மறந்தா செத்துப் போயிரும். சிகரெட்டுக்கு எந்தக் காலத்துலயாவது சார்ஜ் போட்டிருக்கறோமாங்க?

அது கூடப் பரவாயில்லை. சிகரெட்டுன்னா அதுக்கு ஒரு ஆரம்பம் இருக்குது, ஒரு முடிவு இருக்குது. பத்த வெச்சமா, குடிச்சமா, கீழ போட்டுச் செருப்புல நசுக்குனமா, மனசுக்கு வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். இந்த எழவுக்கு முடிவே இல்லை. சாமியே சரணம், மாலையப் போட்டுட்டு வாயில என்ன வருது பாருங்க. சட்டைச் சேப்புல கெடக்கும், கை தானாப் போகும், ஒரு இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு. எப்ப நிறுத்தறதுன்னே தெரியாது. டீக்கடைக்குப் போனா நம்ம பசங்க, "மாஸ்டர் விசில் ஊதறாரு, வண்டி கெளம்பப் போகுது"ன்னு சிரிக்கறானுக. அவிய சிகரெட்டை ஒருத்தனுக்கொருத்தன் பத்த வெச்சுக்கறாங்க. நான் மட்டும் ஓரமா நின்னுட்டு ரோஜாப்பூ வாசம் விட்டுட்டு இருக்கறேன். மானம் போகுது. அதுக்காகவே அவிய கூடச் சேந்து ஒரு சிகரெட்டும் குடிச்சேன். அப்பறம் ரெண்டும் ஓடுச்சு. இதுல பாதி, அதுல பாதின்னு கணக்குப் பண்ணுனேன். ரெண்டுமே முழுசா ஆகிப்போச்சு.

இன்னொண்ணு கேளுங்க. பொட்டிக்கடையில பீடி தொங்குது, சிகரெட் அடுக்கியிருக்குது, யாரு வேணாலும் வாங்கலாம். ஆனா விடறதுக்குன்னு வந்த இந்தச் சாமானை இந்த நாட்டுல விக்கக் கூடாதாம், கேஸாம். மச்சினன் அதைச் சொல்லவே இல்லை. அதனால திருடன் மாதிரி பாத்ரூம்ல நின்னு இழுக்க வேண்டியதாப் போச்சு. எங்களது லைன் வீடு. ஒரே காம்பவுண்டு, வரிசையா வீடு, கடைசியில எல்லாருக்கும் பொதுவா பாத்ரூம். நான் உள்ள போனா வர மாட்டேங்கறேன்னு வெளிய பக்கெட்டோட நின்னு கத்துவாங்க.

ருக்மணி கண்டுக்கவே இல்லைன்னுதான் சொல்லோணும். அப்பாவி. சார்ஜர் வயர் எங்கயோ வெச்சிருப்பேன், தேடுனா அரிசி டப்பாவுக்குள்ள கெடக்கும். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு சொல்லுவா. செரி, எலிதான்னு விட்டுருவேன். ஒரு நாள் திடீர்னு, "இந்த வருசம் நீங்க மாலை போடுங்க"ன்னா. அவ கொரலே வேற மாதிரி இருந்துச்சு. "மாலை போட்டா எல்லாம் தானா விட்டுப் போயிருமாம். எங்க ஒறம்பரை சனத்துல எத்தனை பேரு விட்டிருக்காங்க. எனக்காக இதை ஒண்ணைப் பண்ணுங்க"ன்னா. செரின்னுட்டேன். மெய்யாலுமே விடோணும்னுதாங்க போட்டேன். நம்புங்க.

சிகரெட்டை விட்டுட்டேன். அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு தொட்டதில்லை. அந்தச் சத்தியத்தை எங்க வேணாலும் பண்ணுவேன். ஆனா வேப்பு இருக்குதே, அது பொகை இல்லையே. நெருப்பில்லை, பொகையிலை இல்லைன்னு மச்சினனே சொல்லியிருக்கறான். வெரதத்துல வேப்பு கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? எங்க குருசாமி வெள்ளிங்கிரி அய்யன்கிட்டக் கேட்டிருக்கலாம். கேட்டா வேண்டாம்பாரு. அதனால கேக்கலை.

வெடியால எந்திரிச்சு பச்சைத் தண்ணியில தலைக்குத் தண்ணி வாத்துட்டு, பாத்ரூம்லயே நாலு இழுப்பு இழுத்துட்டு வருவேன். வந்து வெளக்கேத்திச் சரணம் சொல்லுவேன். அப்பத்தான் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க பேச ஆரம்பிச்சாங்க. "சாமி வர்றப்பப் பன்னீர் வாசம் வருது." நான் காதுல வாங்கலை. கோயில்ல அபிசேகத்துக்கு ஊத்தற பன்னீர் இல்லீங்களா, அதே வாசந்தான் இந்த ரோஜா ஜூஸும். எனக்கு அது தோணவே இல்லை. சோப்பு வாசம்னு நெனச்சுக்குவாங்கன்னு இருந்தேன்.

வீட்டுல கன்னி பூசை வெச்சோம். மொத வருசம் மாலை போட்டவன் வீட்டுல வெக்கறது. காம்பவுண்டு பூராக் கூட்டம். வெள்ளிங்கிரி அய்யனும் சாமிமாரும் பஜனை பாடறாங்க. எனக்கு ஒரு இழுப்புக்கு வாயெல்லாம் காயுது. தீபாராதனைக்கு இன்னும் நேரமிருக்குதுன்னு பாத்ரூமுக்குப் போயி நல்லா ஆழமா ஒரு இழுப்பு இழுத்தேன். அப்பப் பாத்து யாரோ கதவைத் தட்டறாங்க. "சாமி, சீக்கிரம் வாங்க, கற்பூரம் காட்டோணும்!" மூச்சை வெளிய விட்டா வாசலுக்குத் தெரிஞ்சு போயிரும். அப்படியே நெஞ்சுக்குள்ள அடக்கிட்டு ஓடியாந்தேன். தட்டைக் கையில குடுத்தாங்க. "சரணம் சொல்லுங்க சாமி"ன்னாரு அய்யன். வாயைத் தொறந்து "சாமியே"ன்னு எடுத்தேன் பாருங்க, வாயில இருந்து வெள்ளையாக் குபுகுபுன்னு வந்துச்சு. கற்பூர வெளிச்சத்துல அது மேல ஏறுது. வீடு பூராப் பன்னீர் வாசம்.

வீட்டுக்கார அம்மா "அய்யப்பா"ன்னு கத்திட்டு தடால்னு என்ற கால்ல விழுந்தாங்க. வாடகை கொஞ்சம் லேட்டானாலும் வாசல்ல வந்து நிக்கற அம்மா! அவிய விழுந்ததும் எல்லாரும் விழுந்தாங்க. வெள்ளிங்கிரி அய்யன் கண்ணுல தண்ணி. "இத்தனை வருசமா மலைக்குப் போறேன், எனக்குக் கெடைக்காதது மொத வருசத்துலயே உனக்குக் கெடைச்சிருக்குது சாமி"ன்னு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நான் என்னங்க சொல்றது? பேனாவை எடுத்துக் காட்டி, அது இதுதானுங்கன்னு சொல்ல முடியுமா? அத்தனை பேரு அழுதுட்டு நிக்கறப்ப?

ருக்மணி மட்டும் விழுகலை. செவுத்துல சாஞ்சு நின்னு என்னையவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் உள்ள போயிப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. புருசனுக்கு இப்படி ஒரு பேரு வந்தா எந்தப் பொண்டாட்டியும் சந்தோசப்படுவா. இவளுக்குப் பொறாமைங்க. வேற என்ன?

அன்னைக்கு இருந்து எனக்கு விடுதலை இல்லை. விபூதி குடுங்க, தலையில கை வைங்க, கொழந்தை பயந்துருச்சு ஊதி விடுங்க. கம்பெனிக்குப் போனா அங்கயும் டெய்லருங்க வரிசையில நிக்கறாங்க. டீக்கடைப் பசங்க சிகரெட்டை முதுகுக்குப் பின்னால மறைச்சுட்டுக் கும்புடறானுக. அதைப் பாத்தா எனக்கு அழுகையே வந்துருச்சு. வாங்கி ஒரு இழுப்பு இழுக்கற அளவுக்குப் பக்கத்துல இருக்குது, கேக்க முடியாது.

இப்பக் கோமதி வெசயத்துக்கு வர்றேன். நான் இங்க வந்ததே அவளுக்காகத்தான். எங்க காம்பவுண்டுல கடைசி வீடு. சங்கரன்கோயில் பக்கத்துப் புள்ளை, பனியன் வேலைக்கு வந்தது. புருசன் லாரி ஓட்டறான், வீட்டுல இருக்கற நாளே கொறைவு. ஒரே பையன், கவின். இன்னும் பள்ளிக்கூடம் போகலை. அவனுக்கு வீசிங். மூச்சு விட்டா உள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரிக் கேக்கும். பூசை முடிஞ்ச மறுநா வெடியால, நான் பாத்ரூம்ல இருந்து வர்றேன், வாசல்ல பையனைத் தூக்கிட்டு நிக்கறா. "சாமி, பிள்ளைக்கு ஊதி விடுங்க சாமி"ன்னு. விபூதியைப் பூசி, மூஞ்சில மெதுவா ஊதுனேன். பன்னீர் வாசம் வந்துச்சு. அவ கண்ணை மூடிக்கிட்டா. பையன் ரெண்டு தும்மல் போட்டான். அன்னைக்கு என்னமோ நல்லா வெளையாடுனானாம். அவ்வளவுதான், தெனம் வர ஆரம்பிச்சுட்டா.

ஒரு நா நான் இழுக்காமயே போயி ஊதுனேன். மெய்யாலுமே விட்டுரலாம்னு நெனச்ச நாள் அது. சாமி சாட்சியா. வாசம் வரலை. கோமதி மூஞ்சி அப்படியே செத்துப் போச்சுங்க. "ஏன் சாமி, இன்னைக்கு வாசம் இல்லையே? எம் மேல ஏதும் குத்தமா? நான் ஏதும் தீட்டோட வந்துட்டனா?"ன்னு கேக்கறா. மத்தியானம் அவ சாப்பிடலையாம். பாவம்ங்க. அடுத்த நாள்ல இருந்து அவளுக்காகவே நல்லா இழுத்துட்டுப் போனேன். எனக்காக இல்லை. நீங்களே சொல்லுங்க, அப்படி நம்பி நிக்கறவளை எப்படி ஏமாத்தறது?

ருக்மணி ஒரு நாள் கோமதியைக் கூப்பிட்டு, "இந்த ஊதற வேலையெல்லாம் வேண்டாம் புள்ளை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, மூச்சுக்கு வெக்கற அந்த மாஸ்க்கு மிசினை ஒண்ணு வாங்கி வீட்டுல வை"ன்னு சொல்லியிருக்கறா. என்ற காதுபடத்தான் சொன்னா. பொறாமைன்னு சொன்னேன்ல? கோமதிகூடக் கொஞ்சம் வருத்தப்பட்டா. "அக்காவுக்கு உங்க அருமை தெரியல சாமி"ன்னா. நானும் பெருந்தன்மையா, விடும்மா, அவ அப்படித்தான்னு சொன்னேன்.

கோமதி சும்மா இருக்கற பொம்பளை இல்லைங்க. பையனுக்காகக் கொசுவர்த்தியை நிறுத்துனா. ஊதுபத்தியை நிறுத்துனா. சாம்பிராணி போட்டதுக்குப் பக்கத்து வீட்டோட சண்டை போட்டா. தெருவுல குப்பையைக் கொளுத்துனான்னு ஒருத்தன் மேல தண்ணியை ஊத்திட்டா. ஒரு துளி பொகை அவன் மூக்குல ஏறக்கூடாதுன்னு ராணுவம் மாதிரிக் காவல் காத்தா. காத்துட்டு, வெடிஞ்சா என்கிட்டத் தூக்கிட்டு வருவா.

ரோஜா ஜூஸ் தீந்து போச்சு. மச்சினன் துபாய்க்குப் போயிட்டான். விட்டிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? கேளுங்க. கேக்கறது எல்லாருக்கும் சுலபம். மலைக்குப் போறதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், இருமுடி கட்டி, போயிட்டு வந்து மாலையைக் கழட்டிட்டா எல்லாம் முடிஞ்சு போயிரும்னு கணக்குப் போட்டேன். மாலையைப் பாதியில கழட்டவும் முடியாது. அதுவரைக்கும் இந்தப் பேரைக் காப்பாத்தோணும் இல்லீங்களா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் கள்ளத்தனமா விக்கறான்னு சொன்னாங்க. துண்டைத் தலையில போட்டுட்டுப் போயி வாங்குனேன். மாலையோட வந்தவனுக்கு வித்தோமேன்னு அவன் கன்னத்துல போட்டுக்கிட்டான். ரோஜா கேட்டேன். ரோஜாதான் சாமின்னு ஒண்ணு குடுத்தான். ரோஜாதான், ஆனா உள்ள ஐஸ்னு மெந்தால் கலந்தது. இழுத்தா மூக்கு, கண்ணு, நெஞ்சு எல்லாம் சில்லுனு அறையுது. எனக்கே ரெண்டு நிமிசம் இருமல். ஆனா பாருங்க, சிகரெட்டை விட்டதுல இருந்து மொதத் தடவையாத் தொண்டையில புடிச்சுது. சந்தோசமா இருந்துச்சுங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

முந்தா நாள் வெடியால அதை இழுத்துட்டுத்தான் போனேன். கோமதி பையனை நீட்டுனா. ஊதுனேன். பையனுக்கு மூச்சு இழுத்துக்கிச்சு. இருமல் இல்லை, அழுகை இல்லை. வாயைத் தொறக்கறான், ஒண்ணும் உள்ள போக மாட்டேங்குது. கண்ணு பெருசாச்சு. என்ற சட்டையைத்தான் புடிச்சுக்கிட்டான் அண்ணா. அம்மாகிட்ட இருந்துட்டு என்ற சட்டையை. ஒதடு நெறம் மாறிப்போச்சு. ருக்மணிதான் எங்கிருந்தோ ஓடியாந்து அவனைப் பிடுங்கிட்டுத் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்துனா. நான் விபூதித் தட்டோட அங்கயே நின்னுட்டு இருந்தேன்.

இப்பத் தேவலைங்க. மூக்குல குழாய் வெச்சிருக்காங்க. கண்ணு முழிச்சுட்டான், பாலுகூடக் குடிச்சானாம். இதுதான் காரணம்னு நான் சொல்லலை. யாரும் சொல்லலை. வீசிங் இருக்கற பையனுக்குப் பனிக்காலத்துல வரத்தானே செய்யும். ஆனா டாக்டர் கோமதியை விட மாட்டேங்கறாரு. "வீட்டுல யாரு சிகரெட் குடிக்கறாங்க? கொசுவர்த்தியா? பொகையா? ஏதோ ஒண்ணு இருக்குது. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அது என்னன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்புனா மறுபடி வரும். அடுத்த தடவை இங்க வந்து சேர்றதுக்கு நேரமிருக்குமோ இருக்காதோ"ன்னு சொல்லியிருக்கறாரு. கோமதி எல்லாத்தையும் யோசிக்கறா. அடுப்பு, பவுடர், தலையணை, கம்பெனியில இருந்து அவ சேலையில ஒட்டிட்டு வர்ற பஞ்சு. என்னைய மட்டும் யோசிக்கலை. "எங்க சாமி தெனமும் ஊதி விட்டதாலதான், டாக்டர், பிள்ளை உசுரே தங்குச்சு"ன்னு சொல்லியிருக்கறா. அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாராம்.

பயமா இருக்குதுங்கண்ணா. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலை. சொல்லிட்டா என்ன ஆகும்? வீட்டுக்கார அம்மா, வெள்ளிங்கிரி அய்யன், கம்பெனி, டீக்கடை, அத்தனை பேரும் காறித் துப்புவாங்க. கோமதி புருசன் லாரியை எடுத்துட்டு நேரா என்ற மேல ஏத்துவான். சொல்லலைன்னா அந்தப் பையனை மறுபடி கூட்டிட்டு வந்து என்ற முன்னால நீட்டுவா. ருக்மணியை ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிட்டேன். "வரலை. நான் வந்தா வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டேன். நீங்களே போங்க, போயி உங்க வாயால சொல்லுங்க"ன்னா. என்ன சொல்லச் சொல்றாளோ, எனக்குப் புரியலை. பையனுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லச் சொல்றா போல.

வர்றேம்மா கோமதி! நீ போ, பின்னாலயே வர்றேன். டாக்டர் வர்ற நேரமாச்சா? செரி, செரி. அவரு வர்றதுக்குள்ள விபூதி போட்டுரலாம். நீ போயிப் பையனை எழுப்பி உக்கார வை.

பாத்தீங்களா அவ மூஞ்சியை? ரெண்டு நாளாத் தூங்காத மூஞ்சி. என்னையப் பாத்ததும் எப்படி ஆச்சு பாத்தீங்களா? அந்த மூஞ்சியைப் பாத்து நான் எப்படிங்க சொல்லுவேன்?

அண்ணா, இந்தாங்க. கையில வாங்குங்க, கடிக்காது. இதுதான் அது. டாக்டர் உள்ள போயிட்டு வெளிய வர்றப்பப் புடிச்சு இதைக் காட்டுங்க. கடைசிக் கட்டில்ல இருக்கற பையன் மூஞ்சில ஒருத்தன் தெனமும் வெடியால இதை இழுத்துட்டுப் போயி ஊதுனான்னு சொல்லுங்க. யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க. பொய் இல்லையே, உங்களுக்கு என்ற பேரு தெரியாது. கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மாலை போட்டவன் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கறோம், கருப்பு வேட்டியும் தாடியும்.

நானா? நான் உள்ள போறேன். ஊத மாட்டேன். விபூதி மட்டும் வெச்சுட்டு வந்துருவேன். ஊதுங்கன்னு அவ சொன்னா... சொல்லுவா. சொன்னா வெறும் காத்துதான் ஊதுவேன். காலையில இருந்து நான் இழுக்கலை. ரெண்டே ரெண்டு இழுப்பு, அதுவும் கேட்டுக்கு வெளிய. அதெல்லாம் இந்நேரம் போயிருக்கும்.

ஒண்ணே ஒண்ணுங்கண்ணா. காட்டிட்டு டாக்டர்கிட்டயே குடுத்துறாதீங்க. திரும்ப வாங்கி வெச்சிருங்க, நான் வந்துருவேன். உள்ள இன்னும் பாதி ஜூஸ் கெடக்குது.